வக்கீலும் கூத்தாடியும்: இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட சென்னை நகரின் கலைவாழ்வு பற்றிய சில விமர்சனக் குறிப்புகள்

ஒரு சமூகத்திற் கலைகள் பெறும் மதிப்பை அக்கலைகளின் தரத்தை மாத்திரம் கொண்டு விளக்கிவிட முடியாது. ஒரு கலையை நிகழ்த்துவோர் யாவர், அதனைக் காண்போர் யாவர், நிகழ்த்துவோர்க்கு ஊதியம் எவ்வாறு கிடைக்கின்றது, அவர்களைப் பற்றித் தீர்ப்பு வழங்கும் உரிமை எவரிடம் உள்ளது என்னும் வினாக்களுக்கும் விடை காணல் வேண்டும். இவ்வினாக்களை முன்வைத்து நோக்குமிடத்து, முதலாம் உலகப் போர் முடிந்த 1918ஆம் ஆண்டிற்கும் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட சென்னை நகரம் தனிக் கவனத்திற்கு உரியதாகின்றது. இன்று நாம் ‘கருநாடக இசைக் கச்சேரி’, ‘பரதநாட்டியம்’, ‘நவீன தமிழ் நாடகம்’, ‘தமிழ்ச் சினிமா’ எனக் குறிப்பிடும் கலைவடிவங்களுட் பல, தம் இன்றைய உருவத்தைப் பெற்றதோ பெறத் தொடங்கியதோ அந்நகரில், அவ்விருபது ஆண்டுகளிலேயாகும்.

1921இல் ஏறத்தாழ 5.27 இலட்சமாக இருந்த சென்னையின் மக்கட்டொகை 1941இல் 7.77 இலட்சமாகப் பெருகிற்று. பெருகிய இந்நகருக்கு இருவகைப் பணிகள் வேண்டப்பட்டன. நகரவாசியின் வழக்கையும் நோயையும் கணக்கையும் கவனிக்கும் பணி ஒன்று. அவனது மாலைப் பொழுதை நிரப்பும் பணி மற்றையது. முன்னதைச் செய்தவர்கள் வக்கீல்களும் வைத்தியர்களும். பின்னதைச் செய்தவர்கள் நடிகர், பாடகர், ஆடல்மகளிர், நாகசுரக்காரர், நட்டுவனார். இரண்டையும் தமிழில் ‘தொழில்’ என்றே வழங்கினர். ஆயின், வக்கீல் தொழில் அதனைச் செய்தவனை உயர்த்திற்று. நாடகத் தொழிலோ செய்தவனைக் ‘கூத்தாடி’ ஆக்கிற்று. ஒரே சொல்லின் இவ்விரு முகங்களுக்கும் இடையே நிகழ்ந்த ஊடாட்டத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

சென்னையின் உயர்தொழிலர் வகுப்பு 19ஆம் நூற்றாண்டின் படைப்பு. 1862இல் உயர் நீதிமன்றம் நிறுவப்பட்டதும், 1891இற் சட்டக் கல்லூரி தோன்றியதும், பல்கலைக்கழகப் பட்டங்கள் பெருகியதும் இவ்வகுப்பின் தோற்றத்திற்குக் காரணங்களாயின. போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இவ்வகுப்புத் தன்னைச் சட்டத்தாற் காத்துக்கொள்ளும் நிலையை எய்திவிட்டது. 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேனாட்டு வைத்தியம் பயின்றோரின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றிற்று. 1926ஆம் ஆண்டின் இந்திய வழக்கறிஞர் மன்றச் சட்டம், வக்கீல் என்றும் பாரிஸ்டர் என்றும் நிலவிய பழைய ஏற்றத்தாழ்வைத் தளர்த்தி, தொழிலின் ஒழுங்கில் தொழில் செய்வோர்க்கும் ஒரு பங்கை அளித்தது.

இவ்வகுப்பின் இயல்பு பற்றி மூன்று விடயங்கள் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, தகுதி பரம்பரையால் அன்றிப் பரீட்சையால் நிறுவப்படும் என்னும் கொள்கை. இரண்டாவது, நூலும் அறிக்கையும் கூட்டக் குறிப்பும் இன்றி எவ்வறிவும் அறிவாகாது என்னும் மனப்பாங்கு. மூன்றாவது, கூலி பெறுவது சேவைக்கேயன்றி ஆளுக்கன்று என்னும் வேறுபாடு. வக்கீலுக்குக் கட்சிக்காரன் கொடுப்பது அவருடைய வாதத்திற்கான கட்டணம். அதனால் வக்கீல் கட்சிக்காரனின் ஆளாகிவிடுவதில்லை. ஆடுமகளுக்கோ நடிகனுக்கோ பணம் கொடுத்தவர்கள் இவ்வேறுபாட்டை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

பரீட்சைக்கும் பரம்பரைக்கும் இடையே தோன்றிய முதற் பெரும் மோதல் கலைத்துறையில் அன்று, வைத்தியத் துறையிலேயே நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. பதிவேட்டிற்கு வெளியே விடப்பட்ட சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியங்களின் நிலையை ஆராய 1921இல் உஸ்மான் குழு அமைக்கப்பட்டது. அதன் விளைவாக 1925இல் அரசினர் இந்திய வைத்தியப் பாடசாலை தோன்றிற்று. பரம்பரை அறிவு முற்றாக ஒதுக்கப்படவில்லை. ஆயின் வகுப்பறைக்குள்ளும் பாடத்திட்டத்திற்குள்ளும் வந்த பின்னரே அதற்கு மதிப்பு வழங்கப்பட்டது. ஏறத்தாழ இதே வழியிலேயே இசையும் நடனமும் பின்னர் நடத்தப்பட்டன.

2

வக்கீல்களின் கையிற் கலை சென்ற வரலாறு நாடகத்திலிருந்து தொடங்குகின்றது. பல்லாரியைச் சேர்ந்த வக்கீலாகிய கிருஷ்ணமாசார்லு என்பவரின் குழுவினர் சென்னையில் நடித்த தெலுங்கு நாடகங்களைக் கண்டு ஊக்கமுற்ற பம்மல் சம்பந்த முதலியார், 1891இற் சுகுண விலாச சபையை நண்பர்களுடன் தொடக்கினார். அவரும் பின்னர் வக்கீலானார். 1924இற் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானார். சபையின் உறுப்பினருட் சட்டம் பயின்றோர் மிகப் பலர். சி. பி. இராமசுவாமி ஐயர், எஸ். சத்தியமூர்த்தி போன்றோரும் அச்சபையோடு தொடர்புடையோரே. பகலில் நீதிமன்றத்தில் வாதாடியோர் மாலையில் விக்டோரியா பொது மண்டபத்தில் அரசராகவும் அரசியாகவும் தோன்றினர்.

சபை நாடகத்தின் புதுமைகள் பலராலும் எடுத்துக்கூறப்பட்டுள்ளன. விடியவிடிய நடந்த ஆட்டம் சில மணித்தியாலங்களுக்குச் சுருங்கிற்று. பாட்டின் இடத்தை உரைநடை உரையாடல் பிடித்தது. நாடகப் பிரதி அச்சேறிற்று. பிரதியை மீறி நடிகன் தன் விருப்பப்படி பேசுவது குற்றமாயிற்று. இவையனைத்தும் நாடகத்திற்கு ஆக்கமளித்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும், இவ்வொழுங்குகள் எங்கிருந்து வந்தன என்பதைக் கவனித்தல் வேண்டும். குறித்த நேரம், எழுத்து மூலமான ஆவணம், தயாரித்துவந்த வாதம் என்பன நீதிமன்றத்தின் பழக்கங்கள். வக்கீல் தமது தொழிலின் ஒழுக்கத்தை மேடைக்குக் கொண்டுசென்றார் எனலாம்.

அதே காலத்திற் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்த மரபு வேறொரு பொருளாதாரத்தைச் சார்ந்தது. 1918இல் மதுரையில் அவர் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், அதனையொத்த பாலர் கொம்பனிகளும் ஊரூராகச் சென்று நாடகம் நடத்திப் பிழைத்தன. அவற்றில் நடித்த சிறுவர்கள் நாடகத்தை வயிற்றுப் பிழைப்பாகவே மேற்கொண்டனர். தி. க. சண்முகம் 1972இல் வெளியிட்ட ‘எனது நாடக வாழ்க்கை’யையும், சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுக’ளையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு இவ்வேறுபாடு தெளிவாகும். ஒன்றில் நாடகம் ஓய்வுநேரத்து உயர்ந்த இன்பம். மற்றதில் அது சோறு, கல்வி, வீடு, தண்டனை, குடும்பம் யாவும் ஆகும்.

இவ்விடத்து ஒரு முரண்பாடு வெளிப்படுகின்றது. நீதிமன்றத்திற் கட்டணம் பெறாது வாதாடுவதை எந்த வக்கீலும் தொழிலின் இலக்கணமாகக் கொள்ளவில்லை. ஆயின் மேடையில் ஊதியம் பெறாமையையே அவர்கள் உயர்வின் அடையாளமாகக் கொண்டனர். பயில்முறை நடிகர் என்பதன் பொருள் ‘பணத்துக்கு ஆடாதவர்’ என்பதே. நாடகத்தை இழிவிலிருந்து மீட்டோம் என்று சபையினர் கூறியபோது, அம்மீட்பு நாடகத் தொழிலாளியை மீட்டதாக அமையவில்லை. அவனிடமிருந்து நாடகத்தைப் பிரித்து எடுத்ததாகவே அமைந்தது.

சபை நாடகங்களின் உள்ளடக்கமும் இவ்வகுப்பின் பார்வையைக் காட்டுகின்றது. சம்பந்த முதலியார் சேக்ஸ்பியரைத் தழுவி எழுதிய நாடகங்களுள் ‘அமலாதித்தியன்’, ‘மகபதி’ என்பவற்றோடு ‘வாணிபுர வணிக’னும் ஒன்று. அதன் உச்சக் காட்சி நீதிமன்றக் காட்சியாகும். சட்டத்தின் சொல்லை நுட்பமாகப் பொருள்கொண்டு ஓர் உயிர் காப்பாற்றப்படுகின்றது. வக்கீல்கள் நிறைந்த சபைக்கு இதனிலும் உவப்பான காட்சி வேறு இருந்திருக்க முடியாது.

‘சபாபதி’ என்னும் நகைச்சுவை நாடகத்திலோ இரண்டு சபாபதிகள் வருகின்றனர்: ஒருவன் செல்வச் செழிப்பிலே சோம்பிக் கிடக்கும் எசமானன், மற்றவன் சொல்லியதைச் சொல்லியவாறே விளங்கிக்கொள்ளும் வேலைக்காரன். இருவர்க்கும் பெயர் ஒன்று, இருவரும் சிரிப்புக்குரியோர். இதனை வெறும் ஆள்மாறாட்ட நகைச்சுவையாகக் கொள்ளல் போதாது. உழைக்காது வாழும் பழைய நிலவுடைமையாளனையும் எழுத்தறியாத ஏவலாளையும் ஒருங்கே பார்த்துச் சிரிப்பவன் எவன்? படித்து, பரீட்சையில் தேறி, தன் தொழிலால் வாழும் நகரத்து மத்தியதர மனிதனே. அவன் மேடையில் இல்லை, ஆசனத்தில் அமர்ந்திருக்கின்றான். நாடகம் முழுவதும் அவனது இடத்திலிருந்தே எழுதப்பட்டுள்ளது. ‘சபாபதி’யின் பலமும் அதன் எல்லையும் இதுவே.

3

இசைத்துறையில் இம்மாற்றம் இன்னும் நிறுவன வடிவம் பெற்றது. 1927 டிசெம்பரிற் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாநாட்டை ஒட்டி ஓர் இசை மகாநாடு நடைபெற்றது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அக்கடமி தொடங்கிற்று. அதன் முதற் தலைவர் டாக்டர் உ. இராமராவ் ஒரு வைத்தியர். அதனைத் தொடக்கிவைத்த சி. பி. இராமசுவாமி ஐயர் ஒரு வக்கீல். செயலாளராகப் பணிபுரிந்த ஈ. கிருஷ்ண ஐயரும் வக்கீலே. இராகங்களின் இலக்கணத்தைத் தீர்மானிக்க நிபுணர் குழு கூடிற்று. 1930 முதல் ஆய்வேடு வெளிவந்தது. இசையாசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி தோன்றிற்று. பரம்பரை வித்துவான்கள் அக்குழுவில் இடம்பெற்றனர், அவர்கள் பாடிக் காட்டினர், விவாதித்தனர். ஆயின் கூட்டத்தைக் கூட்டுவதும் குறிப்பெழுதுவதும் முடிவை அறிக்கையாக்குவதும் வேறு கைகளில் இருந்தன.

இதனை வீணை தனம்மாளின் (1867–1938) இல்லத்தோடு ஒப்பிட்டு நோக்கலாம். ஜோர்ஜ் டவுனில் இருந்த அவ்வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணை வாசிப்பார். நகரின் பெரிய மனிதர்களும் வித்துவான்களும் அங்கே சென்று அமைதியாக அமர்ந்து கேட்பர். அங்கே நேரத்தையும் பாடலையும் ஒழுங்கையும் தீர்மானித்தவர் தனம்மாளே. கேட்போர் விருந்தினர். மண்டபக் கச்சேரியில் இவ்வுறவு தலைகீழாயிற்று: கேட்போர் நிறுவனத்தின் உறுப்பினராயினர், கலைஞர் அழைக்கப்பட்ட விருந்தினராயினர். கலைஞரின் வருவாய் சில வேளைகளிற் பெருகியிருக்கலாம். ஆயின் தம் கலை பற்றித் தாமே தீர்ப்புக் கூறும் அதிகாரம் அவர்தம் கையை விட்டு நழுவிற்று.

அதிகாரத்தை மீளக் கேட்டவர்களும் இருந்தனர். நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை, நாகசுரக்காரர் நின்றுகொண்டே வாசிக்கும் வழக்கத்தை ஏற்க மறுத்து மேடையில் அமர்ந்து வாசித்தார். ஒரு வக்கீல் நீதிமன்றத்திலே தனக்குரிய ஆசனத்தைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கவில்லை. ஒரு மாபெருங் கலைஞனோ தன் ஆசனத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. இரு தொழில்களுக்கும் இடையே இருந்த தூரத்தை இதனிலும் தெளிவாகக் காட்டும் உதாரணம் பிறிதில்லை.

4

ஆடற்கலையின் வரலாற்றிலேதான் இச்சிக்கல் மிகக் கூர்மையடைகின்றது. அங்கே எதிரெதிராக நின்ற இருவரும் உயர்தொழிலரே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க 1927 முதல் அவர் சட்டசபையிற் குரலெழுப்பினார். அதன் முதற் பயனாக 1929ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், கோயிற் பணிக்கு ஈடாக அவர்கள் அனுபவித்த மானிய நிலங்களை அப்பணியிலிருந்து விடுவித்தது. பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் 1947இலேயே நிறைவேறிற்று. மறுபுறம் ஈ. கிருஷ்ண ஐயர் கலையையும் வழக்கத்தையும் வேறுபடுத்த வேண்டும் என்று வாதிட்டார். தாமே பெண்வேடம் பூண்டு சதிர் ஆடிக் காட்டினார். 1932இன் இறுதியில் இருவரும் பத்திரிகைகளிற் கடிதங்கள் வாயிலாக மோதினர்.

முத்துலட்சுமி ரெட்டியின் நிலைப்பாட்டை மேட்டுக்குடி ஒழுக்கவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆயின் நியாயமன்று. அவருடைய தாயார் அச்சமூகத்தைச் சேர்ந்தவர். சிறுமிகளின் வாழ்வு எவ்வாறு நிர்ணயிக்கப்படுகின்றது என்பதை அவர் உள்ளிருந்தும் வைத்தியராகவும் அறிந்தவர். அவ்வாறே மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அச்சமூகத்தின் அனுபவத்திலிருந்தே அவ்வழக்கத்தை எதிர்த்தார். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை எழுதினார். அதே வேளை, சென்னையின் தேவதாசிகள் சங்கமாகக் கூடி, தம் வாழ்வைப் பற்றித் தம்மைக் கேளாமலே சட்டமியற்றுவதை எதிர்த்து அரசுக்கு மனுக் கொடுத்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பேரறிவு வாய்ந்தோர் அம்முயற்சியில் முன்னின்றனர். சமூகம் ஒன்று, அதனுள் எழுந்த குரல்கள் பல.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. வைத்தியரின் வாதம் ஆடுமகளை நோயாளியைப்போல் நோக்கிற்று: காப்பாற்றப்பட வேண்டியவள். வக்கீலின் வாதமோ கலையைச் சொத்தைப்போல் நோக்கிற்று: பாதுகாக்கப்பட வேண்டிய ஆதனம். முன்னவர் பெண்ணைக் காக்கக் கலையை விடத் தயாராயிருந்தார். பின்னவர் கலையைக் காத்தார். ஆயின் அக்காப்பினாற் பயனடைந்தோர் பெரும்பாலும் பிறரே. 1931 மார்ச் மாதத்தில் மியூசிக் அக்கடமி கலியாணி புதல்வியரின் ஆடலை மேடையேற்றிற்று. 1933இற் பாலசரசுவதி அங்கே ஆடினார். சதிர் என்னும் பெயர் விலகிப் பரதநாட்டியம் என்னும் பெயர் நிலைபெறலாயிற்று. 1935 டிசெம்பரில் ருக்மிணி தேவி அரங்கேறினார். 1936இல் அவரது கலைப்பள்ளி தோன்றிற்று. அதன் பின்னர் உயர்குடிப் பெண்கள் கற்கும் கலையாக அது விரைந்து மாறிற்று. நட்டுவனார் ஆசிரியராக வேண்டப்பட்டார். ஆடுமகளோ, பாலசரசுவதி போன்ற ஒரு சிலர் நீங்கலாக, வேண்டப்படவில்லை. கற்பிக்கும் அறிவை ஏற்று, அவ்வறிவைத் தம் உடலிற் சுமந்துவந்த பெண்களை விலக்கிய ஏற்பாடு இது. இருவர் வாதத்திலும் அப்பெண்கள் தம் தொழிலை நடத்தும் உரிமையுடைய தொழிலாளர் என்னும் எண்ணம் எழவேயில்லை.

5

சபையும் அக்கடமியும் செய்யாத ஒன்றைச் சந்தை செய்தது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் தொழில்முறை மேடையின் பேரொளிகள். 1926இல் இலங்கையிலே இருவரும் இணைந்து நடித்த வரலாறு நம் நாட்டு இரசிகர்க்கும் உரியது. கிட்டப்பா 1933இல் இருபத்தேழாவது வயதிலேயே மறைந்தார். 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்திற்காகச் சுந்தராம்பாள் ஒரு இலட்சம் ரூபா பெற்றார். 1931 ஒக்ரோபரில் ‘காளிதாஸ்’ கினிமா சென்ட்ரல் கொட்டகையிற் காட்டப்பட்டு நான்காண்டுகளே கழிந்திருந்த நிலையில், மேடையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இத்துணைத் தொகை! ஒருவருடைய கலைக்கு விலை கிடைத்தது என்பது இதன் பொருள். கலைஞர் சமூகத்துக்குப் பாதுகாப்புக் கிடைத்தது என்பதன்று. ஒருவர் இலட்சம் பெற்ற அதே ஆண்டுகளிற் படத்தின் வருகையால் நாடகக் கொம்பனிகள் பல நலிந்தன. அவற்றின் நடிகர்க்கு வக்கீலின் மன்றத்தையோ வைத்தியரின் பதிவேட்டையோ ஒத்த சட்டக் காப்பு எதுவும் இருக்கவில்லை. கலைஞனின் நலனுக்காக அன்றி, அரசின் வருவாய்க்காகவே 1939இற் கேளிக்கை வரிச் சட்டம் வந்தது.

பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலை அரங்கு சினிமாக் கொட்டகையே எனக் கூறியுள்ளமை நாம் அறிந்ததே. அக்கூற்றை இங்கு சற்று விரித்து நோக்கலாம். கொட்டகையிற் சேர்ந்தமர்ந்த அக்கூட்டம் உயர்தொழிலரின் உலகத்தையும் தீர்ப்பிடும் உரிமை பெற்றது. இதற்குச் சான்று, வக்கீலாயிருந்து திரைப்பட இயக்குநரான கே. சுப்பிரமணியத்தின் படங்கள். கல்கியின் கதையைக் கொண்டு 1939இல் அவர் எடுத்த ‘தியாகபூமி’யில், மனைவியைக் கைவிட்ட கணவன், அவள் செல்வமும் புகழும் பெற்ற பின்னர், தன்னோடு வந்து வாழுமாறு வழக்குத் தொடுக்கின்றான். சட்டம் அவன் பக்கம் நிற்கின்றது. அவளோ, வேண்டுமாயின் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகக் கூறுகின்றாள்.

‘வாணிபுர வணிக’னின் நீதிமன்றத்தோடு இதனை ஒப்பிடுக. அங்கே சட்டத்தின் நுட்பம் நீதியைத் தருகின்றது. இங்கே சட்டம் தன் வழியே செல்ல, நீதி பார்வையாளர் மனத்தில் மாத்திரம் நிலைக்கின்றது. வக்கீல்களின் சபை நீதிமன்றத்தை வியந்தது. ஒரு வக்கீல் எடுத்த படம் நீதிமன்றத்தை மக்கள் முன் நிறுத்தி விசாரித்தது. அரங்கு மாறியதும், பார்வையாளர் மாறியதும், கலையின் கேள்வியும் மாறிற்று. அரசு அப்படத்தைத் தடைசெய்ததற்கு அதன் தேசிய அரசியலே நேர்க் காரணமாயினும், அதன் சமூக விசாரணையும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

அரசியலும் இம்மாற்றத்திற் பங்கேற்றது. சுகுண விலாச சபையில் நடித்த சத்தியமூர்த்தியே, படித்தோர் இகழ்ந்த நாடகக் கலைஞரைத் தேசிய இயக்கத்தின் மேடைக்கு அழைத்தவர். 1937ஆம் ஆண்டுத் தேர்தலிற் சுந்தராம்பாளின் குரல் காங்கிரசுக்காக ஒலித்தது. சபை விலக்கிவைத்த தொழில்முறைக் கலைஞரை வாக்குப்பெட்டி தேடி வந்தது.

6

இதுகாறும் கூறியவற்றிலிருந்து எழும் முடிபு யாது? இக்காலத்தை ‘மறுமலர்ச்சி’ என்று கொண்டாடுவோர் ஒரு சாரார். பரம்பரைக் கலைஞரின் உடைமையை மேல்வகுப்பினர் அபகரித்த காலம் என்போர் மற்றொரு சாரார். அண்மைய ஆய்வுகள், சிறப்பாகத் தவேஷ் சொனேஜி போன்றோரின் நூல்கள், பின்னைய கருத்திற்கு வலிமை சேர்த்துள்ளன. முதற் கருத்து இழந்தோரைக் காணவில்லை. அதனால் அது குறைவுடையது. இரண்டாவது பெரிதும் உண்மையே. ஆயினும் அபகரிப்பு என்னும் சொல், செய்தோரின் தீய நோக்கத்தையே தேடத் தூண்டுகின்றது. சம்பந்த முதலியாரும் முத்துலட்சுமி ரெட்டியும் கிருஷ்ண ஐயரும் தீய நோக்கினர் அல்லர். அவர்கள் ஒரே சாதியினரும் அல்லர். அவர்களை ஒன்றிணைத்தது அவர்களது தொழில்முறை மனப்பாங்கு. தம் தொழிலிற் கற்ற ஒழுங்கைக் கலைக்கு அளித்தனர்: நேரம், ஏடு, குழு, பரீட்சை, நிறுவனம். ஆயின் அதே தொழிலில் தாம் அனுபவித்த உரிமைகளைக் கலைஞர்க்கு அளிக்க நினைக்கவில்லை: தன் தொழிலைத் தானே நெறிப்படுத்தும் உரிமை, கட்டணத்தால் இழிவடையாத மதிப்பு, தன்னைப் பற்றிய முடிவில் தனக்கு ஒரு வாக்கு. ஒழுங்கைக் கொடுத்து உரிமையைக் கொடாமையே அக்கால உயர்தொழிலரின் வரலாற்றுக் குறைபாடு ஆகும்.

இவ்வரலாறு கடலுக்கு அப்பாற்பட்ட செய்தி மாத்திரமன்று. சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் வாயிலாகச் சுகுண விலாச சபையின் மரபு ஈழத்து மேடையிலும் வேரூன்றிற்று. இங்கும் படித்த உத்தியோகத்தரின் சபைகள் ஒருபுறமும், அண்ணாவிமாரின் கூத்து மறுபுறமுமாக நாடக உலகம் பிரிந்து கிடந்தது. அப்பிளவைக் கடக்க முனைந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனை மாணவர்களைக் கொண்டு அவர் மேடையேற்றிய ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலிவதை’ (1967) என்பன படித்தோர் இகழ்ந்த கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தன. விடியும்வரை ஆடிய கூத்து நேரத்தால் ஒடுங்கிற்று. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. கூத்துக்கு மதிப்புக் கிடைத்தது. சென்னையின் வக்கீல்கள் செய்தவற்றோடு இதற்குள்ள ஒற்றுமை வெளிப்படை. ஆயின் ஒரு வேற்றுமையும் உண்டு: கிராமத்தில் கூத்தாடிய குடும்பங்களின் பிள்ளைகளும் அம்மாணவருள் இருந்தனர். வெளியிலிருந்து வந்த காப்பாளரின் செயலாக மாத்திரம் அம்முயற்சியைக் கொள்ள முடியாமைக்கு இதுவே காரணம்.

எனினும் கேள்வி முற்றுப்பெறவில்லை. பல்கலைக்கழகங்களில் நாடகமும் அரங்கியலும் இசையும் நடனமும் பட்டத்திற்குரிய பாடங்களாகியுள்ளன. வகுப்பறையில் அண்ணாவியாரின் தாளக்கட்டு பாடமாகின்றது. தாளக்கட்டைத் தந்த அண்ணாவியாரும் பறைமேளக் கலைஞரும் அவ்வகுப்பறையில் எந்த இடத்தில் அமர்கின்றனர்? எடுத்துக்காட்டாக அழைக்கப்படுவோராகவா, பாடத்திட்டத்தைத் தீர்மானிக்கும் குழுவின் உறுப்பினராகவா? நாளை ஆசிரியராகவும் சட்டத்தரணியாகவும் நிருவாகியாகவும் தொழில் புரியப்போகும் நாம் அவ்வினாவுக்கு அளிக்கும் விடையைப் பொறுத்தே, சென்னையின் சபை மண்டபங்களிலிருந்து நாம் எதைக் கற்றோம் என்பது தீர்மானிக்கப்படும்.